ஓராண்டின் முகங்கள்

ஆண்டு முடியும் வேளையில் செய்தித்தாள்கள் இரண்டொரு பக்கங்களை ஒதுக்கி, அவ்வாண்டின் மறக்கவொண்ணாப் படங்கள் என்று சிலவற்றை அச்சிடுவது நெடுநாளைய வழக்கம். நாமும் பார்க்கிறோம். ஒவ்வொன்றின்மீதும் சில நொடிகள் கண் நிற்கிறது; பிறகு பக்கம் புரள்கிறது. அவற்றுள் சில நம் நெஞ்சில் தங்கிவிடுகின்றன. தங்கியவை எல்லாம் உண்மையைச் சொல்லியவைதாமா? நினைவில் நிற்பது வேறு, உண்மையாய் இருப்பது வேறு என்பதைக் கவிதைக்கும் கதைக்கும் பொருத்திப் பார்க்கும் நம் திறனாய்வு, செய்திப் படத்தை அப்படி நிறுத்து வைத்துப் பார்ப்பது அரிது. ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு அவ்வேலையைச் செய்துபார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்வது 1968. அவ்வாண்டின் சனவரி முதல் நாளைத்தான் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் முதன்முதலாக உலக அமைதி நாளாகக் கொண்டாட அழைத்திருந்தார். அம்மாதம் முடிவதற்குள் வியட்நாமில் டெட் புத்தாண்டுத் தாக்குதல் தொடங்கிவிட்டது. ஏப்ரலில் மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். ஜூனில் ராபர்ட் கென்னடி. ஆகஸ்டில் பிராக் நகரத்துக்குள் டாங்கிகள் நுழைந்தன. ஆண்டு முழுவதும் பயாஃப்ராவில் பசி. ஆண்டின் கடைசி வாரத்தில் மூவர் நிலவைச் சுற்றினர். இத்தனைக்கும் படங்கள் உண்டு. அப்படங்களைக் கண்டிராதவர் நம்மில் குறைவு. சில சமயம் நிகழ்ச்சியை மறந்துவிட்டுப் படத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். இக்கட்டுரைக்குக் காரணமே அதுதான்.

முதலில் சைகோன். 1968 பிப்ரவரி 1. தென் வியட்நாம் தேசியக் காவல்துறைத் தலைவர் தளபதி நுயென் நொக் லோன் நடுத்தெருவில் தம் வலக்கையை நீட்டியிருக்கிறார். கையில் சிறிய துப்பாக்கி. அதன் முனைக்கு எதிரே, கட்டம் போட்ட சட்டை அணிந்து, கைகள் பின்னே கட்டப்பட்ட ஒருவரின் முகம் கோணிச் சுருங்கியிருக்கிறது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் எடி ஆடம்ஸ் எடுத்த படம் இது. தளபதி கைதியை மிரட்டத்தான் போகிறார் என்று எண்ணியே கருவியைக் கண்ணுக்கு உயர்த்தியதாக அவர் பின்னர் கூறினார். துப்பாக்கி உயர்ந்த அதே கணத்தில் கருவியும் உயர்ந்தது. இரண்டும் ஒருங்கே இயங்கின.

இப்படத்தின் வலிமை அதன் அமைப்பில் இருக்கிறது. நம் கண் அந்த நீட்டிய கையின் வழியே ஓடிக் கைதியின் முகத்தில் போய் முட்டுகிறது. அதற்கப்பால் செல்ல வழியில்லை. தளபதியின் முகம் பக்கவாட்டில் மட்டுமே தெரிகிறது. எனவே அவரை ஒரு மனிதராகப் பார்க்க நமக்கு வாய்ப்பில்லை. அவர் ஒரு கையாகவும் துப்பாக்கியாகவும் ஆகிவிடுகிறார். கைதியோ முழு முகத்துடன் நம்மை நோக்கியிருக்கிறார். யார் கொடியவர், யார் பலியாள் என்பதை ஒரு நொடியில் தீர்த்துவைக்கும் படம். வழக்கு விசாரணையே இன்றித் தீர்ப்பு வழங்கிய ஒருவரைப் பற்றிய அப்படம், தானும் அவ்வாறே விசாரணையின்றித் தீர்ப்பு வழங்குகிறது என்பதுதான் இதிலுள்ள முரண்.

தளபதி செய்தது கொலை என்பதில் நமக்கு ஐயமில்லை. கட்டுண்ட கைதியைத் தெருவில் சுடுவதற்குப் போர் ஒரு சாக்காகாது. கைதி அதற்குச் சற்று முன் ஒரு குடும்பத்தையே கொன்றவர் என்று பிறகு சொல்லப்பட்டது. அது உறுதியாக நிறுவப்படவில்லை. நிறுவப்பட்டிருந்தாலும் அச்செயல் நீதியாகிவிடாது. ஆயினும் படம் தளபதியை விடவே இல்லை. அதே ஆண்டில் போரில் காயமுற்று அவர் ஒரு காலை இழந்தார். 1975இல் சைகோன் வீழ்ந்தபோது தப்பி அமெரிக்கா சென்று, விர்ஜீனியா மாநிலத்தில் ஓர் உணவகம் நடத்தினார். அவர் இன்னார் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் குறைந்தனர். உணவகச் சுவரில் மிரட்டல் எழுதப்பட்டது. 1998இல் அவர் இறந்தபோது, டைம் இதழில் ஆடம்ஸ் ஓர் இரங்கலுரை எழுதினார். தளபதி அக்கைதியைக் கொன்றார், நான் என் கருவியால் தளபதியைக் கொன்றேன் என்பது அதன் சாரம். புகைப்படங்கள் அரை உண்மைகளே என்றும் அதில் கூறியிருந்தார். அதற்கு முன்னரே தளபதியிடமும் அவர் குடும்பத்தாரிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

ஒரு கலைஞரின் இந்த மனவருத்தம் போற்றத்தக்கது, பலரும் போற்றியிருக்கின்றனர். ஆனால் நமக்கு இதில் ஓர் உறுத்தல். மன்னிப்பு முழுவதும் சுட்டவரின் பக்கமே போயிற்று. சுடப்பட்டவருக்கு? நெடுங்காலம் அப்படத்தின் அடியில் ‘வியட் காங் சந்தேக நபர்’ என்று மட்டுமே அச்சிட்டார்கள். நுயென் வான் லெம் என்னும் பெயர் பின்னரே பரவலாக வழங்கலாயிற்று. உலகத்தில் மிக அதிகமானோர் பார்த்த சாவுகளுள் ஒன்று அவருடையது. அவருக்கு ஒரு பெயர் உண்டு என்று கேட்டவர் மிகச் சிலர். அமெரிக்கரின் போர் எதிர்ப்புக்கு அவர் முகம் பயன்பட்டது. பயன்பட்டது என்ற சொல்லே இங்குச் சங்கடமாக இருக்கிறது.

இப்படத்திற்கு 1969ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் மற்றொரு புகைப்படப் பிரிவிலும் புலிட்சர் வழங்கப்பட்டது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 1968 ஏப்ரல் 9ஆம் நாள், அட்லாண்டா நகர் எபனேசர் பாப்டிஸ்ட் ஆலயத்தில் கிங் அவர்களின் அடக்கச் சடங்கின்போது எடுக்கப்பட்ட படம் அது. கருப்பு முக்காட்டுடன் கொரெட்டா ஸ்காட் கிங் அமர்ந்திருக்கிறார். ஐந்து வயது மகள் பெர்னிஸ் தாயின் மடியில் சாய்ந்து கிடக்கிறாள். வெள்ளைச் சட்டை, தளர்ந்த உடல், எங்கோ நிலைத்த கண்கள். தாய் குனிந்து பார்க்கவில்லை, நேரே நோக்குகிறார். அழுகை இல்லை. மடி மட்டும் இருக்கிறது. மரியன்னை மடியில் கிடத்தப்பட்ட இயேசுவின் சுருவத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எடுத்தவர் மொனெட்டா ஸ்லீட். கறுப்பினத்தவருக்கான எபனி இதழின் புகைப்படக் கலைஞர். கிங் குடும்பத்தை 1950களிலிருந்தே அறிந்தவர். ஆலயத்துக்குள் அனுமதிக்கப்பட்ட படப்பிடிப்பாளர் குழுவில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும், ஸ்லீட்டை உள்ளே விடாவிட்டால் வேறு எந்தப் புகைப்படக்காரரும் உள்ளே வர வேண்டாம் என்று திருமதி கிங் சொல்லி அனுப்பினார். கணவரின் சவப்பெட்டி முன்னால் இருக்கும் நேரத்தில் ஒரு பெண் எடுத்த முடிவு அது. தன் துயரத்தைப் பார்க்கும் கண் யாருடையதாக இருக்க வேண்டும் என்பதைத் துயருற்றவரே முடிவு செய்தார்.

இரண்டு படங்களுக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் இதுவே என்று நாம் கருதுகிறோம். ஆடம்ஸ் தம் எதிரே நின்ற எவரையும் அறியார். அவருக்கு அறியும் அவகாசமும் இல்லை. ஸ்லீட் அழைக்கப்பட்டவர். முதற்படத்தில் மனிதர் அடையாளமாகின்றனர். இரண்டாவதில் அடையாளம் மனிதராகவே இருக்கிறது. கொரெட்டாவை நாம் ‘விதவை’ என்று பொதுப்பெயரிட்டு நகர்ந்துவிட முடியாது. அவர் கொரெட்டாவாகவே நம்மைப் பார்க்கவொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருப்பினும், உலகின் நினைவில் நிலைத்தது முதற்படம்.

திருச்சபைக்குப் படங்களோடு நீண்ட பழக்கம் உண்டு. நீண்ட சண்டையும் உண்டு. 787இல் நிசேயாவில் கூடிய இரண்டாம் பொதுச்சங்கம், படத்துக்குச் செய்யும் வணக்கம் அதில் தீட்டப்பட்டவரையே சென்றடைகிறது என்று தெளிவுபடுத்தியது. நம் வீட்டுச் சுவரில் திருஇருதயப் படத்தின் முன் விளக்கேற்றும் பாட்டிக்கு இது சொல்லாமலே தெரியும். செய்திப் படத்துக்கும் இதே அளவுகோல் பொருந்துமா என்பதே நம் கேள்வி. படத்தின் வழியே அதில் உள்ளவரைச் சென்றடைகிறோமா? அல்லது படத்தோடு நின்று, போர் கொடியதுதான் என்று பெருமூச்சு விட்டுத் திரும்பிவிடுகிறோமா?

கிங் சுடப்பட்ட ஏப்ரல் 4ஆம் நாள் படத்திலேயே இக்கேள்விக்கு ஒரு கடினமான விடை இருக்கிறது. லொரைன் விடுதியில் தங்கியிருந்த தென்னாப்பிரிக்க இளைஞர் ஜோசப் லாவ் எடுத்தது. மாடி நடைவழியில் கிங் கீழே கிடக்கிறார். அருகில் நிற்போர் குண்டு வந்த திசையைக் கை நீட்டிக் காட்டுகின்றனர். ஒருவர் மட்டும் மண்டியிட்டுக் காயத்தின் அருகே இருக்கிறார். துணியால் இரத்தத்தை நிறுத்த முயன்றவர் அவர். சிலுவைப் பாதையின் ஆறாம் தலத்தை எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் தியானித்த நமக்கு, மற்றவர்கள் கைகாட்ட ஒருவர் மட்டும் துணியோடு குனியும் காட்சி எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டுமா? ஆனால் அவர் யார் என்று பிற்பாடு தெரியவந்தது. கறுப்பின இளைஞர் குழு ஒன்றில் மாறுவேடத்தில் கலந்திருந்த மெம்பிஸ் காவல்துறை ஆள். வெரோணிக்காவின் பணியை அன்று செய்தவர் ஓர் ஒற்றர்! படம் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. அதற்காக அவர் அழுத்திப் பிடித்த துணி பொய்யாகிவிடுமா? ஒற்றராக வந்தவர் அந்நேரத்தில் மனிதராகக் குனிந்தார் என்று கொள்வதே நமக்கு முறையாகத் தோன்றுகிறது. மாற்றிச் சொல்பவரோடு நாம் வாதிட மாட்டோம்.

இரண்டு மாதம் கழித்து, ஜூன் 5ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்றுப் பின். லாஸ் ஏஞ்சல்ஸ் நகர் அம்பாசடர் விடுதியின் சமையலறை வழி. ராபர்ட் கென்னடி சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடக்கிறார். வெள்ளைச் சட்டை அணிந்த ஒரு சிறுவன் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு மேலே பார்க்கிறான். உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாத பார்வை. லைஃப் இதழின் பில் எப்ரிட்ஜும், லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழின் போரிஸ் யாரோவும் இக்காட்சியைத் தனித்தனியே எடுத்தனர். யாரோ படமெடுக்கையில் ஒரு பெண் அவர் சட்டைக் கையை இழுத்து, எடுக்காதே என்று தடுத்தாராம். இது வரலாறு, அம்மா என்று அவர் சினந்து பதில் சொன்னாராம். அவரே பின்னர் விவரித்தது இது. இருவரில் யார் சொன்னது சரி? இருவரும் சொன்னது சரி என்பதுதான் இக்கலையின் சிலுவை.

அச்சிறுவன் மெக்சிகோவில் பிறந்த ஹுவான் ரொமேரோ, வயது 17. விடுதியில் எச்சில் தட்டுகளை எடுத்து மேசை துடைக்கும் வேலை. முந்தின நாள் கென்னடியின் அறைக்கு உணவு கொண்டுபோனபோது அவர் தன் கையைப் பற்றிக் குலுக்கியதில் மகிழ்ந்துபோய், மறுபடியும் கைகுலுக்க நின்றிருந்தான். அக்கைகுலுக்கலின்போதே துப்பாக்கி வெடித்தது. தன் சட்டைப் பையில் இருந்த செபமாலையை எடுத்துக் கென்னடியின் கையில் சுற்றியதாக அவர் பின்னாளில் சொன்னார். நமக்கு இச்செய்தி தெரிந்த பின், அப்படத்தை முன்போலப் பார்க்க முடிவதில்லை.

படத்தால் புகழ்பெற்ற ரொமேரோவுக்கு அப்புகழ் பாரமாயிற்று. விடுதிக்கு வந்தவர்கள் அவரோடு நின்று படமெடுத்துக்கொள்ள விரும்பினர், கடிதங்கள் குவிந்தன. வேலையை விட்டு வேறூர் சென்றார். தம்மோடு கைகுலுக்க நிற்காமல் போயிருந்தால் கென்னடி பிழைத்திருப்பாரோ என்ற எண்ணம் பல்லாண்டுகள் அவரை வாட்டியது. 2010இல் ஆர்லிங்டன் கல்லறைக்குச் சென்றபோது, மரியாதைக்காக வாழ்வில் முதன்முறையாக ஒரு கோட்டு வாங்கி அணிந்தாராம். 2018இல் இறந்தார். படத்தில் கிடப்பவருக்கு மட்டுமன்று, தாங்குபவருக்கும் அதன்பின் ஐம்பதாண்டுகள் உண்டு என்பதை எந்த ஆண்டிறுதிப் பக்கமும் நமக்குச் சொல்வதில்லை.

பயாஃப்ராவைப் பற்றி எழுதும்போது நாம் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஏனெனில் இதில் நம் திருச்சபையே நேராகத் தொடர்புடையது. நைஜீரியாவிலிருந்து பிரிந்த அந்தக் கிழக்குப் பகுதி முற்றுகையிடப்பட்டு, உணவின்றித் தவித்தது. 1968 கோடையில் அக்குழந்தைகளின் படங்கள் பிரித்தானிய நாளிதழ்களிலும், ஜூலையில் லைஃப் இதழின் முகப்பிலும் வெளியாயின. ஊதிய வயிறு, குச்சியான கால்கள், நிறம் மங்கிச் செம்பட்டையான தலைமயிர். புரதக் குறைவால் வரும் குவாஷியோர்க்கர் நோயின் அடையாளங்கள் இவை. உலகம் அந்நோயை அறிந்ததே இப்படங்களால்தான் எனலாம்.

படங்கள் வேலை செய்தன, மறுக்க முடியாது. கத்தோலிக்கரின் காரித்தாசும் புரொட்டஸ்டாண்டுச் சபைகளும் கைகோத்து, போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்த சாவோ தோமே தீவிலிருந்து இரவுதோறும் விமானங்களில் உணவு அனுப்பின. ஊலி என்ற இடத்தில் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே இறங்குதளம். விமானம் இறங்கும் அளவுக்குச் சில கணங்கள் மட்டும் விளக்குகள் எரியும். பின் மீண்டும் இருள். 1970 சனவரியில் போர் முடியும் வரை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பயணங்கள். விமானிகள் சிலர் அதில் உயிர் துறந்தனர். பிரிவினைச் சபைகள் என்று ஒருவரையொருவர் நோக்கியிருந்தோர், சங்கம் முடிந்து மூன்றாண்டுகளுக்குள் ஒரே விமானத்தில் பால்மாவு ஏற்றினர். அதை எண்ணி மகிழ்வதற்கு நமக்கு உரிமை உண்டு.

மறுபக்கமும் உண்டு. பயாஃப்ரா அரசு ஜெனீவாவில் ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்திச் செய்தியாளர்களுக்கு வழிகாட்டியது. பசித்த குழந்தை ஒரு போரின் வாதமாகவும் ஆக்கப்பட்டது. உதவி விமானங்கள் கட்டிய இறங்கு கட்டணம் பயாஃப்ரா அரசுக்கு அந்நியச் செலாவணியாயிற்று. உதவியே போரை நீட்டித்தது என்று பிற்காலத்தில் வாதிட்டவர் உண்டு. போர் முடிந்ததும் நைஜீரிய அரசு அங்கிருந்த அயர்லாந்து மறைப்பணியாளர் பலரை நாடுகடத்தியது. நீட்டித்ததோ இல்லையோ, பால்மாவு கிடைத்த குழந்தைக்கு அவ்வாதத்தால் பயனில்லை. நம் குறை வேறு. அப்படங்களில் உள்ள குழந்தைகளுக்குப் பெயர் இல்லை, தாய் இல்லை, ஊர் இல்லை. சட்டத்துக்கு வெளியே நின்ற தாய்மாரையும், கிராம ஆசிரியர்களையும், இரவு முழுவதும் மூட்டை சுமந்த உள்ளூர் இளைஞர்களையும் படம் விட்டுவிட்டது. ஆதரவற்ற குழந்தை, அதை நோக்கி நீளும் வெள்ளைக் கை என்ற கோலம் அங்கே உருவாகி, நம் மறைபரப்பு இதழ்களிலும் தவக்காலச் சுவரொட்டிகளிலும் பின்னர் எத்தனையோ முறை வந்தது. உண்டியல் நிறைகிறது, நல்லதே. ஆனால் இயேசு நோயாளியிடம், உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறாய் எனக் கேட்டபின் அன்றோ குணமாக்கினார்? சுவரொட்டியில் உள்ள குழந்தையிடம் எவரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிராக் நகரப் படங்களைக் குறித்து நாம் சுருக்கமாகச் சொல்லலாம். அவற்றில் மயக்கம் குறைவு. யோசெப் கூடெல்கா 30 வயது இளைஞர். நாடோடி ரோமா மக்களைப் படமெடுத்துவிட்டு ருமேனியாவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். செய்திப் படமே எடுத்தறியாதவர். ஆகஸ்ட் 21ஆம் நாள் டாங்கிகள் வந்தபோது கருவியுடன் தெருவுக்கு வந்தார். அவர் எடுத்தவற்றுள் மிகப் புகழ்பெற்றதில் டாங்கி இல்லை, இரத்தம் இல்லை. முன்னால் ஒரு மணிக்கட்டும் கடிகாரமும். பின்னால் ஆளரவமற்ற வென்செஸ்லாஸ் சதுக்கம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று சாட்சி சொல்வது போல அக்கை நீள்கிறது. படச்சுருள்கள் மறைவாக நாட்டை விட்டு வெளியேறின. 1969இல் அவை அச்சானபோது எடுத்தவர் பெயர் இல்லை. ‘பிராக் புகைப்படக்காரர்’ என்பதன் முதலெழுத்துக்கள் மட்டுமே. ராபர்ட் காப்பா பதக்கமும் பெயர் தெரியாத செக் நாட்டவருக்கே வழங்கப்பட்டது. தந்தை உயிரோடிருக்கும் வரை அவருக்குத் தீங்கு நேராதிருக்க வேண்டும் என்று, 1984 வரை கூடெல்கா அவை தம்முடையவை என்று வெளிப்படச் சொல்லவில்லை. பரிசுக்கும் புகழுக்கும் இத்துறையில் உள்ள போட்டியை அறிந்தவர்கள் இம்மௌனத்தின் எடையை அறிவார்கள்.

அக்டோபர் 16ஆம் நாள் மெக்சிகோ நகரில், இருநூறு மீட்டர் ஓட்டத்தின் பரிசு மேடையில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் கருப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தித் தலை குனிந்து நின்றனர். காலில் காலணி இல்லை. தம் மக்களின் வறுமைக்கு அடையாளமாக வெறும் கருப்புக் காலுறை. இருவரும் போட்டிகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இதெல்லாம் பலரும் அறிந்தது. நம் கண் மூன்றாமவரிடம் போகிறது. இரண்டாமிடம் பெற்ற ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன் கைகளைத் தொங்கவிட்டு நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எதற்கும் சம்பந்தமில்லாதவர் போல, தற்செயலாகப் படத்தில் அகப்பட்டவர் போல. உற்றுப் பார்த்தால் அவர் மார்பிலும் மற்ற இருவர் அணிந்த அதே மனித உரிமைச் சின்னம் தெரியும். அவரே கேட்டு வாங்கி அணிந்தது. கார்லோஸ் தம் கையுறையை மறந்து வந்தபோது, ஒரு சோடியை இருவரும் பகிர்ந்து அணியலாம் என்று யோசனை சொன்னவரும் அவரே. அதனால்தான் ஒருவர் வலக்கையையும் மற்றவர் இடக்கையையும் உயர்த்தியிருக்கின்றனர். மீட்புப் படை சபைக் குடும்பத்தில் வளர்ந்தவர். தாயகத்தில் அவருக்கு வரவேற்பு இல்லை. 2006இல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோசும் கடல் கடந்து வந்து சவப்பெட்டியைச் சுமந்தனர். 2012இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புக் கோரியது. கலிபோர்னியாவின் சான் ஓசே பல்கலைக்கழகத்தில் நிறுவிய சிலையில் அவர் நின்ற படி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது, அவர் விருப்பப்படியே. பார்க்க வருகிறவர் அதில் ஏறி நிற்கலாம்.

டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள், அப்போலோ 8 கலத்தின் சன்னல் வழியே வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த படம் இவ்வாண்டின் ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. நிலவின் சாம்பல் நிலத்துக்கு அப்பால், கருவெளியில், பாதி ஒளிபெற்ற நீல உருண்டை. அதே நாளில் கலத்திலிருந்த மூவரும் தொடக்க நூலின் முதல் பத்து வசனங்களை வானொலி வழியே வாசித்தனர். மறையுரைகளில் இவ்விரண்டையும் இணைத்துப் பேசுவது நமக்கு எளிது. பலர் பேசியும் உள்ளனர். ஆயின் கத்தோலிக்கராக வளர்ந்த ஆண்டர்ஸ், அப்படிப் பூமியைக் கண்டது தம் சமய நம்பிக்கையை அசைத்துவிட்டதாகவே முதுமையில் சொன்னார். இவ்வளவு சிறிய உருண்டையின்மீது கடவுள் தனிக்கணக்கு வைத்திருப்பாரா என்ற ஐயம். 2024இல் விமான விபத்தில் இறந்தார். நம் மறையுரைக்குப் பொருந்தாத இந்தப் பாதியை விட்டுவிட்டு அப்படத்தைப் பயன்படுத்துவது நேர்மையாகாது. இன்னொன்று: அவர் எடுத்தபடி நிலவின் தரை படத்தின் வலப்புறம் செங்குத்தாக நிற்கிறது. பூமியில் கதிரவன் உதிப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்காக அதனைத் திருப்பிப் படுக்கவைத்து அச்சிட்டார்கள். வானத்திலும் நமக்கு நம் தொடுவானம் வேண்டியிருக்கிறது.

எஞ்சியிருப்பது, 1968இல் எடுக்கப்பட்டும் அவ்வாண்டின் எந்தத் தொகுப்பிலும் இடம்பெறாத படம். மார்ச் 16ஆம் நாள் வியட்நாமின் மி லாய் ஊரில் அமெரிக்கப் படையினர், படைக்கலம் ஏதுமற்ற பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் சுட்டுக் கொன்றனர். வியட்நாமியர் கணக்கில் 504 பேர். அமெரிக்கப் படையின் கணக்கில் 347. உடன் சென்ற படைப் புகைப்படக்காரர் ரொனால்ட் ஹேபர்லி. படைக்குரிய கருவியில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களை ஒப்படைத்தார். தம் சொந்தக் கருவியில் எடுத்த வண்ணப் படங்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1969 நவம்பர் 20இல் கிளீவ்லாந்து நகரின் பிளெயின் டீலர் நாளிதழ் அவற்றை வெளியிடும் வரை, ஏறத்தாழ இருபது மாதங்கள், உலகம் அவற்றை அறியாது. ஒரு படத்தில் மரத்தடியில் பெண்களும் குழந்தைகளும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நிற்கின்றனர். முன்னால் ஒரு முதியவள் கதறுகிறாள். பின்னால் நிற்கும் இளம்பெண், இடுப்பில் குழந்தையோடு, தன் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் படமெடுத்துவிட்டுத் திரும்பி நடக்கையில் பின்னால் வெடியோசை கேட்டது.

சைகோன் தெருவில் எடுத்த படத்துக்கு இருபது மாத மௌனம் நேரவில்லை. அன்றே உலகைச் சுற்றியது. சுட்டவர் ஆசியர் என்பதால் அமெரிக்க நாளிதழ்களுக்கு அது எளிதாயிற்றோ என்று ஐயுறுவதில் தவறில்லை. மி லாயில் சுட்டவர்கள் அந்நாளிதழ் வாசகரின் பிள்ளைகள்.

2009இல் ஹேபர்லி அதே நாளிதழுக்கு அளித்த பேட்டியில், படைவீரர்கள் சுடுவது தெரியும்படியான சில படங்களைத் தாமே அழித்துவிட்டதாகக் கூறினார். ஆகவே நாம் பார்ப்பவற்றில் கொல்லப்பட்டவர்கள் இருக்கின்றனர், கொன்றவர்கள் இல்லை. எஞ்சியவற்றுள் ஒன்றில் இரண்டு குழந்தைகள் வழித்தரையில் கிடக்கின்றனர். பெரியவன் சின்னதைத் தன் உடலால் மூடியிருக்கிறான். இருவரும் அன்றே இறந்தனர் என்றுதான் ஹேபர்லி பல்லாண்டுகள் எண்ணியிருந்தார். ஆனால் அச்சிறுவன் தானே என்றும், தங்கையை மூடிக் காத்து இருவரும் பிழைத்தோம் என்றும், வளர்ந்த ஒருவர் பின்னாளில் வந்து சொன்னார். ஹேபர்லி எடுத்த வேறொரு படத்தில் இறந்து கிடக்கும் பெண்ணை அவர் தம் தாய் என்று அடையாளம் காட்டினார். இருவரும் சந்தித்தனர். அன்று மி லாயில் தாம் வைத்திருந்த கருவியை ஹேபர்லி அவர் கையில் கொடுத்துவிட்டார்.